நாட்பட்ட வகை

2024ஆம் ஆண்டு மாசி மாதம் பதின்மூன்றாந் திகதி, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் பனி மூட்டமாக இருந்தது. முன்பகலில் அது விலகி, மேகமற்ற வானத்தில் வெயில் ஏறியது. வாடைக்காற்று அடங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்யவில்லை. அன்றைய தினமே, உடையார்கட்டில் உள்ள எங்கள் வீட்டில், என்னுடைய செத்தவீடு தொடங்கியது.

நான் இறக்கவில்லை என்பதை வாசகர் இவ்விடத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. ஒருவர் இறந்தால் ஊரவர் கூடி அவ்வீட்டில் துக்கங் காப்பதைச் செத்தவீடு என்கிறோம். உரியவர் உயிரோடு இருந்து தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போதும் அது நடைபெறக் கூடும் என்பதை நான் அனுபவத்தால் அறிந்தேன்.

எனது பெயர் அழகம்மா. என் தாய் தந்தையர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தின்போது வன்னிக்கு வந்தவர்கள். அப்போது நான் கைக்குழந்தை. பிறருடைய மிளகாய்த் தோட்டங்களிற் களை பிடுங்கி வளர்ந்தமையால் மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் செல்லவில்லை. பின்னர், என் மகள் நிசாந்தினி உயர்தரம் படித்து முடித்த பிறகு, ஊர் வாசிகசாலையில் நடைபெறும் மாலை வகுப்பிற் சேர்ந்து, சாதாரண தரப் பரீட்சையில் தமிழ்ப் பாடத்துக்குத் தோற்றித் திறமைச் சித்தி, அதாவது நல்ல புள்ளிகளோடு தேர்ச்சி, பெற்றேன். இதனை நான் அடக்கத்தோடு குறிப்பிடவில்லை. பெருமையோடுதான் குறிப்பிடுகிறேன்.

எங்கள் ஊர்ச் சிறுகுளத்தின் கீழ் என் தந்தையார் வெட்டித் திருத்திய ஒன்றரை ஏக்கர் வயல் எனக்கு உண்டு. மாரி மழையை நம்பிக் காலபோகமும், குளத்து நீரை நம்பிச் சிறுபோகமும் செய்து வருகிறோம். என் கணவர் செல்வராசா வயலோடு குளத்தையும் பார்ப்பவர். அக்குளத்தின் துருசு, அதாவது வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை, நெடுங்காலமாக ஒழுகுகிறது. ஆண்டுதோறும் சிறுபோகத்துக்கு முன் அதன் வாயிற் களிமண் மூட்டைகளை அடுக்கி ஒழுக்கை அடக்குவது அவருடைய பொறுப்பு.

கடந்த காலபோக அறுவடையின்போதே என் உடல் எனக்குக் கீழ்ப்படிய மறுத்தது. வரம்பில் நடந்தாலே மூச்சு வாங்கியது. படுக்கை வியர்வையில் நனைந்தது. இடப்பக்க விலாவின் கீழே, ஒரு தேங்காயை விழுங்கியதுபோன்ற பாரம் இருந்தது. முல்லைத்தீவில் இரத்தம் சோதித்தார்கள். சோதித்தவர்கள் மறுபடியும் சோதித்தார்கள். பின்னர் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே என்பு மச்சையையும் எடுத்துப் பார்த்த பின்னர்தான், மேற்குறித்த செவ்வாய்க்கிழமை, வைத்தியர் என்னை எதிரே இருத்தி விடயத்தைச் சொன்னார்.

அவர் என் மகளிலும் சில ஆண்டுகளே மூத்த பெண். எனக்கு வந்திருப்பது இரத்தப் புற்றுநோய் என்றும், வெண்குழியங்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் தேவைக்கு மிஞ்சிப் பெருகிவிட்டன என்றும், அவற்றை அடக்குவதற்கு நாள்தோறும் ஒரு குளிசை எடுக்க வேண்டும் என்றும் ஆறுதலாக விளக்கினார். இது மாறுமா, அதாவது முற்றாகக் குணமாகுமா, என்று கேட்டேன். மாறாது, ஆனால் அடங்கியிருக்கும், இக்குளிசையோடு பலர் நெடுங்காலம் வாழ்கிறார்கள் என்றார். வயல் செய்யலாமா என்று கேட்டேன். விலாவின் கீழுள்ள வீக்கம் வற்றும்வரை பாரம் தூக்கக் கூடாது, பின்னர் உடல் இடங்கொடுக்கும் அளவுக்குச் செய்யலாம் என்றார். குளிசையை மட்டும் ஒருநாளும் விடக் கூடாது என்பதை அவர் மும்முறை சொன்னார்.

நான் அறையை விட்டு வெளியே வந்தபோது, என் கணவர் நடைபாதையின் கோடியில் ஒரு தாதியை மறித்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். தாதி விரைந்து நடந்தபடியே விடை கூறினார். என் கணவர் அந்த இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்விடையே எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று. ஆனால் அதனை நான் அப்போது அறியேன்.

பேருந்து நிலையத்தில் அவர் எனக்கு முந்திரிகைப்பழம் வாங்கித் தந்தார். எங்கள் திருமண வாழ்க்கையில் அவர் எனக்குப் பழம் வாங்கித் தந்தது அதுவே முதற்றடவை. வைத்தியர் கூறியவற்றை நான் ஒன்றும் விடாமல் அவருக்குச் சொன்னேன். அவர் தலையை அசைத்து, சாப்பிடு, சாப்பிடு என்று மாத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனையிறவு கடக்கும்போது அவர் முகத்தை யன்னற் பக்கம் திருப்பினார்.

அன்று மாலையே சனம் வரத் தொடங்கியது. மாரி பிஸ்கற்றுப் பெட்டிகளும் செவ்விளநீர்க் குலைகளும் பால்மாப் பெட்டிகளும் வந்தன. இருப்பதற்கு ஆசனம் போதாமையால், என் கணவர் மரண உதவிச் சங்கத்திலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளை எடுத்து வந்து முற்றத்து வேம்பின் கீழே வரிசையாகப் போட்டார். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் சங்கத்தின் பெயர் வெள்ளை எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியும் என்பதை அவர் அந்த அவசரத்தில் மறந்துவிட்டார்.

சனங்கள் அக்கதிரைகளில் இருந்து, எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கென்றே வைத்திருக்கும் தாழ்ந்த குரலிற் கதைத்தார்கள். நோயின் பெயரை எவரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் என்றார்கள். பக்கத்து வீட்டுக் கமலாசனி, என் காது கேட்கவே, அழகம்மா அக்கா நல்ல மனுசியாக இருந்தா என்றாள். வகுப்பில் முக்காலங்களையும் படித்தவள் என்ற முறையில், அவள் என்னைப் பற்றி இறந்தகாலத்திற் பேசுவதை நான் உடனே கண்டுகொண்டேன்.

அதே கமலாசனி என் நோய்க்குக் காரணமும் கண்டுபிடித்திருந்தாள். சென்ற ஆண்டு எங்கள் வயலின் மூலையில் இருந்த கறையான் புற்றை உழவு இயந்திரத்தால் உடைத்துச் சமப்படுத்தினோம். நாகதம்பிரான் குடியிருந்த புற்றை உடைத்தபடியால்தான் எனக்குப் புற்று வந்ததாம்.

"அப்பிடியெண்டால் டிரக்டர் ஓடினவனுக்கெல்லோ வந்திருக்க வேணும்" என்றேன்.

"அக்கா, சாமி விஷயத்தில பகிடி விடாதேங்கோ."

"நான் பகிடி விடேல்லை. நாகதம்பிரானுக்கு ஆள் மாறிப்போச்சோ எண்டு கேக்கிறன்."

அவள் எழுந்து போய்விட்டாள். எனினும் மறுநாள் பாற்செம்போடு வந்தாள். அவள் மனம் கெட்டவள் அல்லள். வந்தவர்களில் ஒருவரும் மனம் கெட்டவர் அல்லர். அதுவே எனக்குப் பெருந் துன்பமாக இருந்தது. கெட்டவர்களை ஏசி விரட்டலாம். பிஸ்கற்றோடு வந்து கண்கலங்கி இருப்பவர்களை என்ன செய்வது?

இவ்விடத்தில் என் மனநிலையையும் கூற வேண்டும். நான் அஞ்சவில்லை என்று எழுதினால் அது பொய். குளிசையால் விடியும்போது கண் மடல்கள் வீங்கின. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சோற்றின் மணம் குமட்டியது. கிணற்றடியில் தனியே நிற்கையில், என் சொந்த இரத்தமே எனக்கு எதிராகப் படை திரட்டுகிறதே என்ற எண்ணம் வந்தது. வந்தவர்களில் ஒரு முதியவர், ஷெல்லுக்கெல்லாம் தப்பி வந்தது இதுக்கோ பிள்ளை என்று பெருமூச்செறிந்தார். முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் மீண்டவர்கள் நாங்கள். ஓடித் தப்புவதை எங்கள் கால்கள் நன்கு கற்றிருக்கின்றன. ஆனால் ஓட முடியாத ஒன்றை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு உலை வைப்பதும் முற்றம் கூட்டுவதும் எப்படி என்பதை எனக்கு எந்த வகுப்பிலும் கற்பிக்கவில்லை.

பங்குனி மாதக் கிளினிக்கில் வைத்தியர் மகிழ்ச்சியோடு இருந்தார். வெண்குழியங்கள் நன்றாக இறங்கிவிட்டன என்றும் விலாவின் கீழுள்ள வீக்கம் வற்றிவிட்டது என்றும், இனிப் படிப்படியாக வேலை தொடங்கலாம் என்றும் கூறினார். என் கணவரும் அருகிலிருந்து கேட்டார். ஆயினும் அவர் முகம் மலரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மேலும் சில கதிரைகளை எடுத்து வந்தார்.

இவ்வாறிருக்கையில், கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்யும் நிசாந்தினி விடுப்பெடுத்து வந்து சேர்ந்தாள். தொலைபேசியில் அப்பா அழுதார், உடனே வரச் சொன்னார் என்றாள். பின்னர் சற்றுத் தயங்கி, இன்னொரு செய்தியையும் சொன்னாள். இம்முறை நாங்கள் சிறுபோகம் செய்யப்போவதில்லை, எங்கள் பங்கை அயல் வயற்காரனான கிருபன் செய்யட்டும் என்று அப்பா ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பிடம் சொல்லிவிட்டாராம். அதனை உறுதிப்படுத்தும் சிறுபோகக் கூட்டம் அவ்வார வியாழக்கிழமை.

குளத்தில் நீர் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் எல்லாருக்கும் எல்லாக் காணியும் விதைக்க நீர் போதாது. ஆகவே கூட்டத்திற் பங்கு பிரிப்பார்கள். ஒருவர் விட்டால் அவர் நீர் மற்றவருக்குப் போகும். கூட்டம் முடிந்தபின் அதை மாற்ற இயலாது. இந்தப் போகத்தில் என்னை விலக்கினால் அடுத்த போகத்திலும் விலக்குவார்கள். பின்னர் குசினியிலிருந்து விலக்குவார்கள். அதன் பின்னர் வேம்பின் கீழே ஒரு கதிரையில் இருத்தி, நான் முடிவதற்காக அன்போடு காத்திருப்பார்கள். இதனை நான் தெளிவாகக் கண்டேன். விதைத்தால் நான் இருப்பேன். விதைக்காவிட்டால் நான் இருந்தேன் ஆகிவிடுவேன்.

அன்று மத்தியானம் என் கணவர் குசினியில் எனக்காகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"ஆரைக் கேட்டு என்ர வயலைக் குடுத்தனீங்கள்?"

அவர் அடுப்பைப் பார்த்தபடியே, "உனக்கு ஏன் இந்த நேரத்தில உந்தக் கரைச்சல்" என்றார்.

"வேலை செய்யலாமெண்டு டொக்டர் சொன்னவா. நீங்களும் பக்கத்திலதானே இருந்தனீங்கள்."

"அது உன்ர ஆறுதலுக்குச் சொன்னது. வருத்தக்காரருக்கு நேர ஆர் உண்மையைச் சொல்லுறது? எனக்கு அண்டைக்கே அந்த நர்ஸ் மிஸ்ஸி சொல்லிப்போட்டா."

"என்ன சொன்னவா?"

அவர் அகப்பையைக் கீழே வைத்தார். பல நாட்களாக வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்புவதுபோல் சொன்னார்.

"நாள் பட்ட வகையாம்."

நான் விளங்காமல் நின்றேன். அவரே விளக்கினார்.

"பட்டதெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாதே? கிணத்தடி முருங்கை பட்டது. எத்தினை வாளி தண்ணி ஊத்தினனான்? துளிர்த்ததே? உன்ர நாளும் அப்பிடித்தான் பட்டுப்போச்செண்டு மிஸ்ஸி சொல்ல, நான் உனக்கு என்னெண்டு சொல்லுறது?"

அவருடைய குரல் உடைந்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது. மாசி மாதத்துக்குப் பின்னர் நான் சிரித்த முதற் சிரிப்பு அது. நின்று சிரிக்க முடியாமல் உரலில் அமர்ந்து சிரித்தேன். நிசாந்தினி ஓடி வந்து, எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று பார்த்தாள்.

தாதி சொன்னது நாட்பட்ட வகை. மரம் பட்டது, பயிர் பட்டது என்னும்போது உலர்ந்து இறந்தது என்பது பொருள். நாட்பட்ட என்னும்போதோ, நாட்கள் பல சென்ற, நெடுங்காலம் நீடிக்கின்ற என்பது பொருள். நாள் என்பதன் ளகர மெய் பகரத்தின் முன் டகர மெய்யாகத் திரிந்தது. முள், செடி என்பன சேர்ந்து முட்செடி ஆவதைப்போல. கமக்காரன் ஒருவனுடைய காது அந்தச் சொல்லைப் பிரித்துவைத்துக் கேட்டுவிட்டது. இவை அனைத்தையும் நான் அவருக்கு ஒழுங்காக எடுத்துரைத்தேன். அவர் நம்பவில்லை.

"நீ வகுப்பில படிச்ச தமிழ் வேற. ஆஸ்பத்திரித் தமிழ் வேற."

"சரி. நாங்கள் கலியாணம் கட்டி எவ்வளவு காலம்?"

"இருபத்தாறு வருஷம்."

"அதுவும் நாட்பட்டதுதான். பட்டுப் போச்சுதே?"

அவர் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போனார். வருத்தமோ கோபமோ எது வந்தாலும் அவர் போகும் இடம் அந்தத் துருசுதான்.

நான் வென்றுவிட்டேன் என்று நிசாந்தினி சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிரிப்பு அடங்கிய பின்னர், நான் விளக்கிய சொல் என்னையே திரும்பிப் பார்த்தது. நெடுங்காலம் நீடிக்கின்றது என்றால் போகாதது என்பதுதானே பொருள். காய்ச்சல் வரும், போகும். வெள்ளம் வரும், வடியும். போர்கூட ஒருநாள் ஓய்ந்தது. இது ஓயாது. நாள்தோறும் ஒரு குளிசை, பின்னர் ஒரு கிளினிக், பின்னர் ஒரு சோதனை, பின்னர் மறுபடியும் குளிசை. என் கணவர் கேட்ட சொல்லில் முடிவாவது இருந்தது. எனக்குக் கிடைத்த சொல்லில் அதுவும் இல்லை.

நான் வயலுக்குப் போனேன். அறுவடை முடிந்த வயலில் கதிர் அறுத்த ஒட்டுத்தாள் காய்ந்து நின்றது. உடைத்த புற்று இருந்த மூலையில் கறையான்கள் மறுபடியும் மண் கட்டியிருந்தன, சிறிதாக, ஒரு முழம்கூட இல்லை. அவற்றை நாகதம்பிரானும் தடுக்கவில்லை, உழவு இயந்திரமும் தடுக்கவில்லை. அவ்விடத்தில் நின்று நான் அழுதேன். நன்றாக, வாய்விட்டு, ஒருவருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டிய தேவையின்றி அழுதேன். அழுது முடிந்ததும் எனக்குப் பெருங் கோபம் வந்தது. என் விலாவைக் கையால் அழுத்தி, உள்ளே இருப்பதோடு நேரடியாகப் பேசினேன்.

"நீ போகமாட்டாய். சரி. நானும் போகமாட்டன். இருந்து பார்."

வியாழக்கிழமைக் கூட்டம் வாசிகசாலை மண்டபத்தில் நடைபெற்றது. என் கணவர் முன்னரே போய் ஆண்கள் பக்கத்திற் பின்வரிசையில் இருந்தார். குசினிப் பேச்சுக்குப் பின்னர் அவர் அதிகம் கதைக்கவில்லை. நான் நிசாந்தினியோடு சைக்கிளிற் போனேன். நான் மிதித்தேன். அவள் பின்னால் இருந்தாள். வழியில் கண்டவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

அமைப்பின் தலைவர் நடராசா, யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காலத்தில் வந்த குடும்பத்தவர், எழுபதைத் தாண்டியவர். எவரையும் நோகச் செய்யாமல் கூட்டம் நடத்துபவர். அவர் பங்குகளை ஒவ்வொன்றாகக் கூறிக்கொண்டு வந்து, செல்வராசாவின் பங்கை இம்முறை கிருபன் செய்வதாகக் கதைத்திருக்கிறது என்றார். நான் எழுந்தேன்.

"அண்ணை, அது என்ர தகப்பன் வெட்டின வயல். நான்தான் செய்யிறன்."

"தங்கச்சி, ஒருத்தரும் பறிக்கேல்லை. உன்ர சுகத்தை யோசிச்சுத்தான். அந்த வருத்தம்..."

"அதுக்குப் பேர் இருக்கு, அண்ணை. இரத்தப் புற்றுநோய்."

ஊரில் எல்லாரும் அறிந்த, எவரும் சொல்லாத சொல்லை நோயுற்றவளே சொல்லிவிட்டாள். சிலர் தரையைப் பார்த்தார்கள்.

"அதில நாட்பட்ட வகை" என்று முடித்தேன்.

பின்னாலிருந்து ஒருவர், நாள் பட்டதெண்டு இவவே சொல்லுறா, பிறகென்ன என்று முணுமுணுத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கணவர் மாத்திரம் பிழையாகக் கேட்கவில்லை. அந்தச் சொல் வேலிக்கு வேலி தாண்டி ஊர் முழுவதும் போயிருக்கிறது. போன இடமெல்லாம் பட்ட முருங்கையாகவே விளங்கப்பட்டிருக்கிறது. பிஸ்கற்றுப் பெட்டிகள் வந்த வழி அதுதான்.

நான் சொல்லின் பொருளை விளக்கத் தொடங்கினேன். ளகர மெய் டகர மெய்யாகத் திரிவதைக் கூறினேன். முட்செடியைக் கூறினேன். நாட்குறிப்பைக் கூறினேன். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். நடராசா அண்ணை பொறுமையோடு தலையை ஆட்டினார். ஆனால் அது குழந்தையின் மழலைக்கு ஆட்டும் தலை. திறமைச் சித்தி பெற்ற என் இலக்கணம் அந்த மண்டபத்தின் நடுவே தண்ணீர் எட்டாத வயலைப்போல் வெடித்துக் கிடந்தது. இருப்பதா, நிற்பதா என்று தெரியாமல் நிசாந்தினியின் தோளைப் பிடித்தேன்.

அவ்வேளையில் ஆண்கள் பக்கத்தில் ஒரு கதிரை பின்னே தள்ளப்படும் ஓசை கேட்டது. என் கணவர் எழுந்து நின்றார். கூட்டங்களில் அவர் வாய் திறந்ததை எவரும் கண்டதில்லை.

"நடராசா அண்ணை, எங்கட துருசு எத்தினை வருஷமா ஒழுகுது?"

தலைவர் வியப்புற்றார். "அது என்ர காலத்துக்கு முந்தியெல்லோ."

"மாறினதே?"

"எங்க மாறுறது? வருஷா வருஷம் நீதானே மண்மூட்டை அடுக்கிறாய்."

"ஒரு வருஷம் அடுக்காமல் விட்டால்?"

"ஒருத்தருக்கும் வயலில்லை."

"ஒழுகுதெண்டு போட்டுக் குளத்தை விட்டனாங்களே?"

தலைவர் பேனையைக் கீழே வைத்தார். என் கணவர் கூட்டத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"இரண்டு நாளா அந்தத் துருசடியில இருந்து யோசிச்சனான். இவ சொல்லுறதுதான் சரி. ஒழுக்கு மாறாது. அதுக்காகக் குளம் பட்டுப் போகேல்லை. எனக்கு மண்மூட்டை, இவவுக்குக் குளிசை. நான்தான் பிழையா விளங்கி ஊரைக் கூட்டிப்போட்டன். பங்கை விடேல்லை, அண்ணை. வயலை இவ செய்யட்டும்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ளகரமும் டகரமும் செய்யாததை அந்த ஒழுகும் துருசு செய்தது. எல்லார் முகத்திலும் விளக்கம் பரவுவதை நான் கண்டேன். சிலருக்கு வெட்கம் வந்தது. பிஸ்கற்று வாங்கிக் கொடுத்தவர்களுக்குச் சற்று ஏமாற்றமும் வந்திருக்கலாம்.

தலைவர் கிருபனைப் பார்த்தார். அவன் எங்கள் பங்கையும் எண்ணியே விதைநெல் எடுத்து வைத்திருந்தான் என்பதை நான் அறிவேன். அவன் எழுந்து, தலையைச் சொறிந்தான்.

"அக்கா, நான் உங்கட தண்ணியைத்தான் கேட்டனான். உங்கட சாவைக் கேக்கேல்லை. நீங்களே செய்யுங்கோ."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னர், வாய்க்கால் துப்பரவாக்கும் வேலைக்கும் என் பெயரைச் சேர்க்கும்படி கேட்டேன். தலைவர் தயங்கினார். மண் சுமக்க மாட்டேன், புல் வெட்டுவேன், களைத்தால் வரம்பில் இருப்பேன், இருப்பதைக் கண்டு ஒருவரும் அழக் கூடாது என்று நிபந்தனையும் சொன்னேன். அவர் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்காமலே லான்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். நாங்கள் மூவரும் சங்கத்துக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றினோம். நான் ஒரு நேரத்தில் ஒரு கதிரை மாத்திரம் தூக்கினேன். அவர் தடுக்கவில்லை. தடுக்காமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அவருடைய கைகளிலே தெரிந்தது. கடைசிக் கதிரையை ஏற்றும்போது கமலாசனி பிஸ்கற்றுப் பெட்டியோடு படலையைத் திறந்தாள். வேம்பின் கீழே வெறும் நிலத்தைக் கண்டு திகைத்தாள்.

"எங்கயக்கா இருக்கிறது?"

"இருக்க நேரமில்லை. விதைநெல்லுப் புடைக்க வேணும். சுளகு குசினியில கிடக்கு, எடு."

அவள் ஒருகணம் என்னைப் பார்த்தாள். பின்னர் பெட்டியை நிசாந்தினியின் கையிற் கொடுத்துவிட்டுச் சுளகை எடுக்கப் போனாள். போகிற போக்கில், அக்காவின் வாய் ஒருநாளும் மாறாது என்று சொன்னாள். அது நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொருந்தும் வாக்கியம்.

சங்க மண்டபத்தில் செயலாளர் ஜெயந்தன் கதிரைகளைப் பொறுப்பேற்றார். செத்தவீட்டுக் கதிரைகள் திரும்பி வரும்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பழக்கத்தால், கொண்டுவந்தது யார் என்று நிமிர்ந்து பாராமலே அவர் அதைக் கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சுதோ?"

கேட்ட பின்னர் நிமிர்ந்து என்னைக் கண்டார். கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். என் கணவர் தலையைக் குனிந்தார். எனக்கோ, அந்தக் கேள்வியை எனக்கென்றே யாரோ நெடுநாளாக எடுத்து வைத்திருந்ததுபோல் இருந்தது.

"ஓம் தம்பி, முடிஞ்சுது" என்றேன். "எத்தினை மணிக்கெண்டு கேட்டால் சொல்ல வேணுமெல்லோ. நேரத்தைப் பாரும்."

ஜெயந்தன் திரும்பிச் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வீட்டிற் புடைத்தும் புடைக்காமலும் விதைநெல் கிடந்தது. இராச்சோற்றோடு எடுக்க வேண்டிய குளிசை அலுமாரியில் இருந்தது. நாளைக்கும் அது இருக்கும், நானும் இருப்பேன். என்னுடைய செத்தவீடு, 2024ஆம் ஆண்டு பங்குனி மாதம் இருபத்தெட்டாந் திகதி, வியாழக்கிழமை, பிற்பகல் ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடத்தில் முடிவுற்றது.